வாசல் பக்கத்துத் தெர்மாமீட்டர்

முதல் புழுவை மேலடுக்கில்தான் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தழை போடுவதற்காக ஸ்டூல் மேல் ஏறியிருந்தேன். மற்றதெல்லாம் இலையில் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருக்க, இது மட்டும் குச்சியின் ஓரத்துக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

விரலால் தொட்டேன். என் சுண்டுவிரல் கனத்துக்கு வளர்ந்த பட்டுப்புழு. தொட்டால் சட்டென்று நெளிய வேண்டும். நெளியவில்லை. நைந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. வாயோரத்தில் பழுப்பாக ஒரு சொட்டு.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே நின்றேன். அந்த நேரம் பார்த்து சட்டைப்பையில் போன் அடித்தது. அம்பத்தூரிலிருந்து மகள் ரேவதி.

"சாப்ட்டீங்களா நைனா? புழு எப்டி வருது?"

"நல்லா வருது" என்றேன்.

"நெஜமாவா?"

"ஆங். இன்னும் அஞ்சாறு நாள்ல கூடு கட்டிடும்."

போனை வைத்துவிட்டு அடுத்த தட்டைப் பார்த்தேன். அங்கே இரண்டு கிடந்தன.

நான் கொடுத்த வாக்கு

இந்தத் தொடரைப் போன வாரம் கோமளாவின் பதினாறாம் நாள் காரியத்தோடு நிறுத்தியிருந்தேன். கோமளா என் மனைவி. பங்குனி கடைசியில் ஒருநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆம்புலன்ஸ் திருத்தணி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது ஆந்திரா பக்கம் வேலையில் இருந்தேன். ரிடையர் ஆக இன்னும் நாலு மாசம். அந்த நாலு மாசம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த சாயங்காலமே ரேவதி ஆரம்பித்துவிட்டாள். "இங்க தனியா இன்னா பண்ணப் போறீங்க? எங்களோட வந்துடுங்க நைனா."

வரமாட்டேன் என்றேன். அம்பத்தூரில் அவள் வீடு மூன்றாவது மாடி. இரண்டு நாளைக்கு மேல் அங்கே இருந்தால் எனக்குக் கை கால் எல்லாம் யாரோ இரவல் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். அவள் விடவில்லை. அவளுக்கும் என் பிடிவாதம்தான், வேறு எங்கே போகும்.

கடைசியில் நான் ஒன்று சொன்னேன். "அம்மா வளர்த்த மாதிரி ஒரே ஒரு பேட்ச் புழு வளர்க்கறேன். அது கூடு கட்டினா நான் இங்கயே இருக்கேன். கட்டலன்னா மறு பேச்சு இல்ல, பைய எடுத்துகினு வந்துடறேன்."

"வாக்கு மாறக் கூடாது" என்றாள்.

"நானா மாறுவேன்?" என்றேன். அவ்வளவு தைரியம்.

சாக்கி சார்

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிப்பட்டு சாலையில் எங்கள் ஊருக்கு வந்து என் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சாக்கி சார்' என்றால் நாய்கூட வழிகாட்டும். சாக்கி என்பது பட்டுப்புழுவின் குழந்தைப் பருவம். முட்டையிலிருந்து எறும்பு அளவில் கறுப்பாக வெளியே வரும். அதை இரண்டு தடவை தோலுரிக்கும்வரை வளர்த்து, விவசாயிகளுக்குக் கொடுக்கும் இடத்தில்தான் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன்.

எங்கள் தொழிலில் தோலுரிப்பதற்கு ஜுரம் என்று பெயர். கன்னட தேசத்திலிருந்து தொழிலோடு சேர்ந்து வந்த வழக்கு. முதல் ஜுரம், இரண்டாம் ஜுரம் என்று நாலு ஜுரம். அந்த நேரத்தில் புழு தின்னாது, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, அது நல்ல ஜுரம்.

முதல் இரண்டு ஜுரம் என் பொறுப்பு. மிச்ச இரண்டும், கூடு கட்டும்வரைக்கும் கோமளாவின் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் வீட்டுக்கு வருவேன். சில சமயம் வீட்டை ஒட்டிய ஷெட் நிறைய புழு இருக்கும். சில சமயம் கழுவித் துடைத்துக் காலியாக இருக்கும். "கூடு எடுத்து அனுப்பியாச்சு" என்பாள்.

அவள் வளர்த்ததில் ஒரு பேட்ச்கூடத் தவறியதில்லை. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். பயிற்சிக்கு வரும் விவசாயிகளிடம் சொல்வேன். சொல்லிவிட்டு, "நான் குடுக்கற சாக்கி அப்படி" என்று சேர்த்துக்கொள்வேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

வெளியாள் வரக் கூடாது

புழு ஷெட்டுக்குச் சில விதிகள் உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் காலை நனைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பூ, பவுடர், ஊதுபத்தி எதுவும் ஆகாது. முக்கியமாக வெளியாள் வரக் கூடாது.

அந்தக் கடைசி விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கத்திரி வெயில் போகட்டும் என்று ஆடி பிறந்த பிறகுதான் புழு வாங்கி விட்டேன். அந்த மாசம் முழுக்க யாராவது துக்கம் கேட்க வந்துகொண்டே இருந்தார்கள். கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்த சொந்தக்காரர்கள், திரும்பும் வழியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து நிற்பார்கள். நான் ஷெட் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள புழு இருக்குது, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பேன். அவர்களும் அங்கேயே நின்று கோமளா நல்லவள், புண்ணியவதி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கதவைச் சாத்திக்கொள்வேன்.

வீட்டில் அவள் புடவை இன்னும் கொடியில் கிடந்தது. அங்கே இருக்க என்னால் முடியவில்லை. ஷெட்டில் புழு தின்னும் சத்தமாவது இருந்தது. மழை பெய்கிற மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பக்கத்து அறையில் யாரோ பழைய பேப்பர்களை மடித்து அடுக்குவது போலக் கேட்கும். ஆள் இருக்கிற வீட்டில் கேட்கும் சத்தம். கட்டிலை உள்ளேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டேன்.

ஜன்னல்களையும் சாத்தினேன். ஊசி ஈ வந்து புழுவின் மேல் முட்டை வைத்துவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ராணி சொன்னது

ராணியைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதில்லை. எங்கள் ஊர்க் காலனியில் இருப்பவள். மல்பெரித் தோட்டத்தில் தழை அறுக்க வருவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். கோமளாவை அக்கா என்பாள், அந்த முறையில் என்னைப் பாவா என்பாள். பத்து பன்னிரண்டு வருஷமாகக் கோமளாவோடு ஷெட்டுக்குள் நின்று வேலை செய்தவள் அவள்தான். நான் வந்த பிறகு அவளையும் 'வெளியாள்' ஆக்கிவிட்டேன். தழைக் கட்டை வாசலில் போட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

ஒருநாள் போகாமல் நின்றாள். கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்.

"இன்னா பாவா, இப்டி மூடி வெச்சிகிறீங்க? அக்கா இருந்தா நாலு ஜன்னலும் தொறந்துதான கெடக்கும்?"

"ஊசி ஈ வரும்."

"அதுக்குத்தான் வல அடிச்சிகீதே."

உண்மைதான். எல்லா ஜன்னலிலும் கோமளா வலை அடித்து வைத்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் காட்டினேன். "இதப் பாரு. இருபத்தஞ்சு. பெரிய புழுவுக்கு எவ்ளோ இருக்கணுமோ அவ்ளோதான் இருக்குது. இருபத்துநாலு வருஷம் இதத்தான் பார்த்தேன். நீ எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது பாவா. அக்காவுக்கும் அது வேணாம். மேல் தட்டுத் தழையில கன்னத்த வெச்சுப் பாப்பாங்க. நீங்களும் ஒரு வாட்டி வெச்சுப் பாருங்க."

"தழைய வெச்சுட்டுப் போம்மா" என்றேன்.

போனாள். அதற்குப் பிறகு தழையைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் கழித்துத்தான் அந்த முதல் புழுவைப் பார்த்தது.

மாவு பொங்குகிற மாதிரி

இந்த நோய்க்கு பிளாச்சரி என்று பெயர். பாக்டீரியாவால் வருவது. ஏதோ வெளியிலிருந்து திருடன் மாதிரி நுழைகிற கிருமி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் புழுவின் வயிற்றிலேயே கொஞ்சம் இருக்கும், இலையிலும் இருக்கும். நல்ல புழு அதை அடக்கி வைத்திருக்கும். சூடு ஏறினால் புழு சோர்ந்துபோகும், கிருமி கொழுத்துப்போகும். மார்கழியில் கரைத்த இட்லி மாவு விடிந்தும் அசையாமல் கிடக்கும். அதே மாவு சித்திரையில் மத்தியானத்துக்குள் பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழியும். புழு வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான். செத்த புழு சில மணி நேரத்தில் கறுத்து, தொட்டால் தோல் கிழிந்து நீராக ஓடும். நாற்றம் சொல்ல முடியாது.

எங்களுக்குப் பயிற்சி நடத்த வந்த விஞ்ஞானி அம்மா ஒருவர் முன்பு ஒரு விஷயம் சொன்னார். வெட்டுக்கிளி, சிள்வண்டு மாதிரிப் பூச்சிகளுக்குச் சொந்தமாகக் காய்ச்சல் வராது, உடம்பைச் சூடாக்கத் தெரியாது. அதனால் சிலது நோய் வந்தால் சூடான இடமாகத் தேடிப் போய் உட்காருமாம். கிருமி தாங்காத சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுமாம். எல்லாக் கிருமிக்கும் அது பலிக்காது, சில நோய்க்குப் பலிக்கும் என்றார். ஒரு பூச்சிக்குச் சூடு மருந்து, இன்னொன்றுக்கு அதே சூடு எமன்.

பட்டுப்புழு அப்படிப் போகாது. எத்தனையோ தலைமுறையாக மனுஷன் கையிலேயே வளர்ந்து, தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிப் போவதையே மறந்துவிட்ட ஜீவன். எந்தத் தட்டில் வைத்தோமோ அந்தத் தட்டின் சூடுதான் அதன் சூடு. நாம் தப்புப் பண்ணினால் அது தப்பித்துப் போக வழியில்லை.

ஆணி இருந்த இடம்

மறுநாள் காலை எழுந்தபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன், நாற்றத்தைக்கூட அப்புறம்தான். மேலடுக்கு மொத்தமும் தலை தொங்கிக் கிடந்தது. நடு அடுக்கில் பாதி.

தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தைந்து. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வெயில் ஏறும்வரை கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதை உரசிக்கொண்டு தொங்கிய ஈரச் சாக்கு கண்ணில் பட்டது.

வெயில் அதிகம் என்று கதவோரம் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருந்தேன். தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றுவேன். ஆணி அங்கே இருந்ததால் தெர்மாமீட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டேன். சாக்கின் குளிர்ச்சியை அது இருபத்தைந்து என்று காட்டிக்கொண்டிருந்தது. நானும் புழுவைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, மேல் தட்டில் செத்த புழுக்களுக்கு நடுவே வைத்தேன். பாதரசம் மெதுவாக ஏறியது. முப்பதைத் தாண்டியது. முப்பத்துநாலில் போய் நின்றது. ஜன்னல் சாத்தின ஷெட், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே மூன்று வேளையும் நான் ஊற்றிய தண்ணீரின் ஈரம். குழந்தைப் புழுவை அப்படித்தான் வளர்ப்போம், கதகதப்பாக, ஈரமாக, மூடி. பெரியதுக்குக் காற்று வேண்டும், உலர்ந்து இருக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குப் பாடமாகச் சொல்லியிருப்பேன். வாய்க்குத் தெரிந்தது, இருபத்துநாலு வருஷம் பழகின கைக்குத் தெரியவில்லை.

ராணி சொன்ன மாதிரி தழையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருக்க வேண்டிய தழை வெதுவெதுவென்று இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் அழுதேன். புழுவுக்காகவா, கோமளாவுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாலு ஜன்னலையும் திறந்தேன். காற்று வந்தது. என்ன பிரயோஜனம், இரண்டு நாளில் கீழடுக்கும் போய்விட்டது.

வேப்ப மரத்தாண்ட

பின்பக்கம் வேப்ப மரத்தடியில் குழி வெட்டி, எல்லாவற்றையும் கொட்டி, மேலே சுண்ணாம்பு தூவி மூடினேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. ஷெட்டைக் கழுவினேன். இரண்டு வேட்டி, நாலு சட்டை, பிரஷர் மாத்திரை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி கூடு பார்க்க வந்தாள். அரக்கோணம் வரை ரயில், அப்புறம் பஸ். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றி, தலையிலிருந்த பூவை எடுத்துத் திண்டில் வைத்துவிட்டு, தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். காலியான தட்டுகளைப் பார்த்தாள்.

"எல்லாம் போச்சும்மா" என்றேன். "நல்லா வருதுன்னு சொன்னது பொய். பை எடுத்து வெச்சிட்டேன். வா, போலாம்."

அவள் பின்கதவு வழியாக வெளியே போனாள். நானும் பின்னாடியே போனேன். வேப்ப மரத்தடியில் மண் புதிதாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் இங்கயேதான் தோண்டினீங்களா?" என்றாள்.

"நீங்களும்னா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள் போல. அப்புறம், இனி யாருக்காக மறைப்பது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மா மூணு வாட்டி கொட்டியிருக்காங்க நைனா. மொத வாட்டி நான் எட்டாவது படிச்சுகினு இருந்தேன். ராவோட ராவா புழு எல்லாம் கறுத்துப்போச்சு. நாங்க ரெண்டு பேரும்தான் இங்க குழி வெட்டினோம். நீங்க வரதுக்குள்ள ஷெட்ட கழுவி வெச்சிட்டாங்க. நீங்க கேட்டப்ப, கூடு எடுத்து அனுப்பியாச்சுன்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

மூன்று தடவை. நான் வந்து, காலி ஷெட்டைப் பார்த்து, 'நான் குடுத்த சாக்கி அப்படி' என்று அவள் எதிரிலேயே பீற்றிக்கொண்ட மூன்று தடவை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தெர்மாமீட்டர எடுத்துகினு வந்து பாடம் நடத்துவீங்கன்னு சொல்வாங்க." ரேவதி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பயம்னு இல்ல நைனா. உங்ககிட்ட சொல்லி ஆறுதல் கெடைக்கும்னு அவங்களுக்குத் தோணல. அவ்ளோதான்."

அவளுக்கு இதமாகச் சொல்ல வராது. அதுவும் என்னிடமிருந்து போனதுதான்.

வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப உள்ளே வைத்தாள்.

"வாக்கு?" என்றேன்.

"அம்மா மூணு வாட்டி கொட்டிட்டு இங்கதான இருந்தாங்க? நீங்க ஒரு வாட்டிதான கொட்டிகிறீங்க? இருங்க." செருப்பை மாட்டிக்கொண்டே, "ராணியக்காவ உள்ள வுடுங்க" என்றாள்.

நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. இங்கேயே இருக்கலாம், யாரும் கூப்பிடமாட்டார்கள். அந்தச் சாயங்காலம் அதில் எனக்கு ஒரு சொட்டுச் சந்தோஷம் இல்லை.

ஷெட்டுக்குள் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. காலித் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

"கோமளா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். என் தப்புதான்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நான் 'என் தப்பு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கேட்க ஆள் இல்லை. மூன்று தடவை அவளும் இங்கே இப்படித்தான் நின்றிருப்பாள். அவளுக்குக் கேட்க ஆள் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.